கவிழ்க்காத டம்ளர்

ரெஹானா டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். அதற்குள்ளாகவா என்று நிமிர்ந்து பார்த்தேன், நான் பலகையில் இருப்பதை இன்னும் முழுசாகப் படித்துக்கூட முடிக்கவில்லை, ஒரு ராஜா, இரண்டு மூடிய கூடை என்கிற இடத்தில்தான் நிற்கிறேன், இவள் மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு டம்ளரைத் தலைகீழாக மேசைமேல் வைத்துவிட்டாள். டங் என்று ஒரு சத்தம். எங்கள் கழகத்தில் பேச்சுக்குப் பதில் அந்தச் சத்தம்தான். விடை தெரிந்தவர் டம்ளரைக் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தபின் வாய் திறக்கக் கூடாது, கவிழ்த்ததை நிமிர்த்தவும் கூடாது, எல்லா டம்ளரும் கவிழ்ந்த பிற்பாடு, கடைசியாகக் கவிழ்த்தவர் எழுந்துபோய்ப் பலகையருகே நின்று விடையை விளக்க வேண்டும். முதலில் வந்தவருக்கு அந்த வேலை கிடையாது, கடைசியில் வந்தவருக்குத்தான். வேகமாகப் போனவர்களுக்குப் போன வழி ஞாபகம் இருக்காது தம்பி, மெதுவாக வந்தவர் சொன்னால்தான் ஒவ்வொரு திருப்பமும் தெரியும் என்று சபேசன் சார் முதல் நாளே சொன்னார். எவ்வளவு நல்ல வழக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் நல்ல வழக்கம்தான், கடைசி ஆளாக இல்லாதவர்களுக்கு. போன கூட்டத்திலும் அதற்கு முந்தின கூட்டத்திலும் கடைசி ஆள் நான். பலகையருகே போய் நின்று, சாக்பீஸைக் கையில் வாங்கி, தொண்டையைச் செருமி, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்ததும் சார் நன்றாகச் சொன்னீர்கள் என்றார். அது பாராட்டா, பாவமேயென்று சொன்னதா என்று வீடு போகிறவரைக்கும் யோசித்தேன், வீடு போய்ச் சேர்ந்தும் யோசித்தேன்.

இன்றைக்கும் நான்தான் கடைசி என்றால் இனிமேல் இந்தப் படி ஏறக் கூடாது. காலையில் சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு எடுத்த முடிவு இது. யாரும் என்னை வெளியே போ என்று சொல்லப் போவதில்லை. கூர்மதிக் கழகத்தில் ஒருதரம் தேர்வெழுதி உள்ளே வந்துவிட்டால் ஆயுசுக்கும் உறுப்பினர்தான், அட்டை கொடுத்திருக்கிறார்கள், அட்டையில் தயாபரன் என்று என் பெயர் இருக்கிறது. அதில் என் போட்டோ கொஞ்சம் திகைத்த மாதிரி விழுந்திருக்கிறது. ஆனால் தகுதியில்லாத இடத்தில் அட்டையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா. நானாகத்தான் நின்றுகொள்ள வேண்டும். நின்றுவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போவேன் என்பதற்குத்தான் விடை கிடைக்கவில்லை. கண்ணாடியில் வலது இடதாக மாறுகிறது, தலை ஏன் காலாக மாறுவதில்லை என்று நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருநாள் கேட்டேன், கூட வேலை செய்கிற மோகன் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்டா, யாராச்சும் இவனைக் கட்டிப் போடுங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அதே கேள்வியை இங்கே, நான் வந்த முதல் நாள், வேறு பேச்சுக் கிடைக்காமல் எடுத்தபோது குழந்தைவேலு அண்ணா உடனே சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் வைத்தார், யசோதா மேடம் புடவையைச் செருகிக்கொண்டு அதற்கு மேலே குனிந்து நின்றார், ரெஹானா படுத்தே விட்டாள், சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எனக்குள் என்னமோ ஒன்று தளர்ந்து உட்கார்ந்தது. ரொம்ப நாளாக நுனிக்காலில் எழும்பி நின்றவன் பாதத்தை முழுசாகத் தரையில் வைத்த மாதிரி. அம்மாவுக்குத்தான் இது விளங்கவில்லை. "அங்க போயி என்னதான் சாமி பண்ணுவீங்க?" "யோசிப்போம்மா." "அதை ஊட்டுல உக்காந்து பண்ணக் கூடாதா? பஸ்ஸு ஏறிப் போயி யோசிக்கோணுமா?" வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் அதற்குப் பெயர் உம்மென்று இருப்பது, பஸ் ஏறிப் போய் யோசித்தால் கழகம் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்ல.

சரி, கூடை. கூடைக்கு வா. பலகையில் சபேசன் சாரின் குண்டு எழுத்து. இந்த மாதம் கேள்வி வைப்பது அவர் முறை, கேள்வி வைத்தவர் அறையில் இருக்கக் கூடாது என்று இன்னொரு வழக்கம், முகத்தைப் பார்த்து விடையைப் பிடித்துவிடுவார்களாம். அதனால் அவர் எழுதிவிட்டுக் கீழே போய், வாசலில் நிற்கும் பயிற்சிக் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நாங்கள் கூடுவது குழந்தைவேலு அண்ணாவின் டிரைவிங் ஸ்கூல் மாடியில். ஹாரன் அடிக்காதே, திரும்பாதே, முந்தாதே என்று சுவர் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். ஊரிலேயே கூர்மையான மூளைகள் கூடுகிற அறையில் இத்தனை 'கூடாது'கள். இன்றைக்கு முகூர்த்த நாள், பாதிப் பேர் கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள், மேசையைச் சுற்றி நாலே பேர். ராஜா இரண்டு மூடிய கூடைகளை உன் முன்னால் வைக்கிறான். ஒன்றில் இருக்கிற மாம்பழம் மற்றதில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. எது எதுவென்று தெரியாது. ஒன்றைத் திறக்கிறாய், பத்துப் பழம். வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறான் ராஜா. மற்றதில் ஐந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது. மாற்றினால், போனால் ஐந்துதான் போகும், வந்தால் பத்து வரும். ஆகவே மாற்றுவதே மேல். ஆனால் முதலில் மற்றக் கூடையைத் திறந்திருந்தாலும் இதே கணக்குப் போட்டு இந்தக் கூடைதான் மேல் என்று சொல்லியிருப்பாய். கணக்கில் தப்பு எங்கே? அவ்வளவுதான் கேள்வி. சின்ன வயசில் அப்பாரு, என் தாத்தா, சொன்ன கதைகளில் ராஜா கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவனுக்குப் பாதி ராஜ்ஜியம், சொல்லாதவனுக்குத் தலை போய்விடும், நடுவில் ஒன்றுமே கிடையாது. எனக்குத் தெரியவில்லையே ராஜா, உங்களுக்காவது தெரியுமா என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் ராஜா என்ன சொல்லியிருப்பான்? நான் இதைக் கேட்டபோது அப்பாரு, "நீ உம்முனு மட்டும் சொல்லு கண்ணு, இல்லாட்டி கதை நின்னுபோகும்" என்றார். உம் என்றேன். புரிந்தாலும் உம், புரியாவிட்டாலும் உம். கதை நிற்கக் கூடாது என்பதுதானே முக்கியம்.

கூடை, கூடை. மாற்றுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை, அது சின்னக் குழந்தைக்குத் தெரியும், இரண்டும் மூடின கூடை, இடது கை எடுத்தால் என்ன வலது கை எடுத்தால் என்ன. அது விடையில்லை. கேள்வி, கணக்கில் தப்பு எங்கே என்பது. வரி வரியாகப் போகிறேன். மற்றதில் ஐந்து அல்லது இருபது. சரி. போனால் ஐந்து. சரி. வந்தால் பத்து. சரி. ஆகவே. இந்த ஆகவேயில்தான் என்னமோ இருக்கிறது, ஆனால் கையை வைத்தால் தண்ணீரில் சோப்பு மாதிரி நழுவுகிறது. மறுபடி முதலிலிருந்து. ஐந்து அல்லது இருபது, சரி. எல்லா வரியும் சரியாக இருக்கிறது, முடிவு மட்டும் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. நல்ல மனிதர்களாக வரிசையில் நின்று கடைசியில் ஒரு திருட்டு நடந்திருக்கிற மாதிரி. இதில் யார் திருடன்? டங். திடுக்கிட்டுப் பார்த்தால் யசோதா மேடம் கவிழ்த்துவிட்டார். கால்நடை டாக்டர் அவர், சூலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரி, அவர் கைக்கு முன்னால் டம்ளர் சின்னதாகத் தெரியும், பிரசவத்தில் கன்றுக்குட்டி இழுக்கிற கை. இரண்டு ஆயிற்று. என் டம்ளரில் காப்பி ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது. கவிழ்க்க வேண்டுமானால் முதலில் இதைக் குடித்தாக வேண்டும், எனக்கோ விழுங்கப் பிடிக்கவில்லை, அதை விடை தெரியாததற்கு ஒரு காரணமாகக்கூடச் சொல்ல முடியாது.

கழகத்தில் சேர எழுதின அந்தத் தேர்வில் என்ன நடந்தது என்பது எனக்குத்தானே தெரியும். கடைசி வரிசைப் படங்கள், முக்கோணத்துக்குள் புள்ளி, புள்ளி நகர்கிறது, முக்கோணம் திரும்புகிறது, அடுத்தது எது, எனக்குப் பாதி பிடிபட்டது, மணி அடித்துவிட்டார்கள், கை தன்பாட்டில் ஏதோ ஒரு கட்டத்தில் கோடு போட்டது. அது சரியாகப் போய் அதனால்தான் உள்ளே வந்தேனா? எத்தனை மார்க் வாங்கினோம் என்று இங்கே யாரும் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது, கழகமும் சொல்வதில்லை, அது மரியாதை. ஆகவே எனக்கே என் எண் தெரியாது. கதவு நன்றாகத் திறந்து உள்ளே வந்தேனா, சாத்துகிற கதவில் சட்டை மாட்டிக்கொண்ட மாதிரி வந்தேனா. மற்றவர்களுக்கு இந்தச் சந்தேகமே கிடையாதா? ரெஹானாவுக்கு? பொறியியல் கடைசி வருஷம், போத்தனூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள், ஒரு கணக்கு போடும்போது அவள் இமையே அசையாது. யசோதா மேடத்துக்கு? அவர் யோசிக்கும்போது மூக்கின் மேல் ஒரு விரல் இருக்கும். ஒவ்வொருத்தருக்குள்ளும் யோசனை என்பது எப்படி ஓடுகிறது, எனக்கு இருக்கிற மாதிரிப் பேச்சாக ஓடுகிறதா, படமாக வருகிறதா, அல்லது ஒன்றுமே வராமல் கடைசியில் பழம் மாதிரி விடை மட்டும் விழுகிறதா, இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இங்கே வருகிறேன் என்று நினைக்கிறேன். விடைகள்கூட எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு தலையைத் திறந்து பார்க்க முடியாது, சுற்றிச் சுற்றி வந்து ஜன்னல்களைத்தான் பார்க்க முடியும். அதிலே எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, கண்தானே என் தொழில். இதே ஊரில் ராமநாதபுரம் பகுதியிலிருக்கிற கடையில் பவர் பார்க்கிற ஆள். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, படிங்க என்றால், பாதிப் பேருக்கு அது பரீட்சையாகத் தோன்றிவிடும். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று பயந்துகொள்வார்கள். காத்திருக்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பவர்கள் உண்டு, வாத்தியார்கள் இதில் ரொம்ப மோசம். தெரியாததைத் தெரியவில்லை என்றால்தானே ஐயா கண்ணாடி போட முடியும். ஆனால் நான் கண்டுபிடித்துவிடுவேன். நிஜமாகப் படிக்கிற கண் எழுத்துக்கு எழுத்து குருவி மாதிரி தாவும், ஒப்பிக்கிற கண் ஒரே இடத்தில் நிற்கும். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, மெல்லப் பலகையை மட்டும் மாற்றிவிடுவேன்.

டங். குழந்தைவேலு அண்ணா. அவ்வளவுதான். மூன்றும் கவிழ்ந்தாயிற்று, நாலாவது என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார், நல்ல மனுஷர், அவசரமில்லை கண்ணு என்று அர்த்தம், அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை. முடிந்தது, இனி இந்தப் படி ஏறப் போவதில்லை, ஆகவே கடைசியாக ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று மூவர் முகத்தையும் பார்க்கிறேன். கவிழ்த்தபின் ஒவ்வொருவரும் என்ன செய்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ரெஹானா நகப் பூச்சைச் சுரண்டுவாள், மேடம் ஹேர்பின்னை எடுத்து மறுபடி குத்துவார், அண்ணா ஜன்னல் வழியாக எதிர் மெஸ்ஸில் இலை போட்டாயிற்றா என்று எட்டிப் பார்ப்பார். தெரிந்துவிட்டவர்களின் முகம் அப்படித்தான், சாமான் இறக்கின வண்டி மாதிரி லேசாக ஆடும். இன்றைக்கு ஒருத்தரும் அதைச் செய்யவில்லை. மேடத்தின் விரல் இன்னும் மூக்கின் மேலேயே இருக்கிறது. அண்ணாவின் உதடு அசைகிறது. ரெஹானாவின் இமை அசையவே இல்லை, அவள் ஆள்காட்டி விரல் மேசையின் மீது, கவிழ்த்த டம்ளருக்குப் பின்னால் மறைவாக, எழுதி எழுதி அழிக்கிறது. மூவர் கண்ணும் பலகையில், குருவி மாதிரித் தாவிக்கொண்டு.

இவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். கவிழ்த்தவர்கள் எதற்கு யோசிக்க வேண்டும்? நிஜமாகவா? இல்லை, எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று நானே கட்டுகிறேனா. மெதுவாக, மெதுவாக. ரெஹானா ஏன் அவ்வளவு சீக்கிரம் கவிழ்த்தாள்? ராஜாவும் கூடையும் என்று படித்ததுமே. முழுசாக யோசித்துக் கவிழ்க்கிற நேரமே இல்லை அது. ஏற்கெனவே இந்தக் கேள்வியை எங்கேயோ பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறேன் என்பதை மனசு தெரியும் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கும் அது நடக்கும், தெருவில் ஒரு முகத்தைப் பார்த்துத் தெரிந்தவர் என்று சிரித்துவிட்டுப் பெயரைத் தேடினால் கிடைக்காது, சிரித்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. அவள் சத்தத்தைக் கேட்டு மேடம் என்ன நினைத்திருப்பார்? இவ்வளவு சீக்கிரம் ஒருத்திக்கு வந்துவிட்டதென்றால் விடை ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான், அதுதான் விடை, டங். கவிழ்த்த பிறகுதான், தப்பு எங்கே என்று கேட்டிருக்கிறதே என்று பார்த்திருப்பார். அண்ணா இரண்டு டம்ளரைப் பார்த்து அதே முடிவுக்கு இன்னும் வேகமாக வந்திருப்பார். அடேயப்பா. இது முட்டாள்கள் செய்கிற தப்பு இல்லை, முட்டாளாக இருந்தால் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் பக்கத்து டம்ளரிலிருந்து விடையை ஊகித்தவர்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது இது, கூடைக் கணக்கை விட நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு வரியும் சரி, முடிவில் மட்டும் மூன்று பேர் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பயத்தின் நடுவே எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது.

ஆனால் இப்போது நான் என்ன செய்வது? கவிழ்த்துவிட்டுப் போய் வாய்க்கு வந்ததைச் சொன்னால் என்ன ஆகும்? ஒருவரும் மறுக்க மாட்டார்கள். மூவரும் உம் என்பார்கள். கீழேயிருந்து சார் வந்து, என்ன விடை என்று கேட்டு, தப்பு என்பார், அப்போது தப்பு என்னுடையது மட்டும், அவர்கள் மூவரும் தப்பித்துவிடுவார்கள், அப்புறம் நான் வராமல் போய்விடலாம், எல்லாருக்கும் சௌகரியம். அல்லது நேராக, உங்களில் யாருக்கும் தெரியாது என்று சொல்லலாம். சொல்லி அவர்களுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தால்? மேடம் மெஸ் பொரியலைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்றால்? கடைசி ஆள், அதோடு பொறாமைக்காரன். தெரியாதிருந்தாலும்தான் என்ன, மூன்று பேரை மூலையில் நிறுத்தி உங்கள் கண்ணைப் பார்த்தேன் என்று சொல்வதா, அதற்குப் பிறகு இந்த மேசையில் யார் டம்ளரைத் தைரியமாகக் கவிழ்ப்பார்கள், யார் யாரைப் பார்த்து யோசிப்பார்கள். என்னோடு சேர்த்து மேசையும் போய்விடும். கை டம்ளரைத் தொடுகிறது. ஆறின சில்வர். ராஜா கேட்கிறான், போனால் ஐந்து, வந்தால் பத்து. எனக்கு இதில் எது ஐந்து, எது பத்து? தலையை எடுத்துக்கொள்ளப் போகிறானா, எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அதற்கு முன்னால் அந்த ஆகவேயில் என்ன இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லிவிட்டால் தேவலை. அதுதான், நிஜமாகவே, இப்போது எனக்கு வேண்டியிருப்பது. இத்தனை நேரம் யார் கடைசி என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அதை மறந்துபோனேன்.

நாற்காலி கிறீச்சிட்டது, எழுந்துவிட்டேன் போலிருக்கிறது. டம்ளரைக் கவிழ்க்கவில்லை, ஆடை கட்டின காப்பியோடு அது அங்கேயே இருக்க, நான் பலகையருகே போய் நிற்கிறேன். இப்படி ஒரு வழக்கம் கிடையாது. அண்ணா கவிழ்க்கச் சொல்லிக் கையால் சாடை காட்டுகிறார். "எனக்கு விடை வரலீங்க" என்கிறேன், என் குரல் எனக்கே தூரத்தில் கேட்கிறது, "எங்க மாட்டி நிக்கறேன்னு மட்டும் சொல்லட்டுங்களா? மாத்தறதுல பிரயோசனமில்லைன்னு தெரியுது. ஆனா இங்க பாருங்க, அஞ்சு இல்லாட்டி இருவது, இது சரி. போனா அஞ்சு வந்தா பத்து, இதுவும் சரி. அதுக்கப்புறம் இந்த ஆகவே. இதுக்குள்ள யாரோ கையை விட்டு எதையோ எடுத்திருக்காங்க, அது என்னன்னு எனக்குப் பிடிபடல. வரி வரியா நாலஞ்சு தடவை போயிட்டேன், ஒவ்வொரு தடவையும் இதே இடத்துல வழுக்கி விடுது." ஆகவேயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன், சாக்பீஸ் உடைந்து பாதி கீழே விழுந்தது. வெளியே ஏதோ கல்யாண வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. அது போய் முடிகிறவரைக்கும் நான் சுவரிலிருந்த சிவப்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பாதே, நிற்காதே. பிறகு யசோதா மேடம் மூக்கிலிருந்து விரலை எடுத்தார். "தம்பி," என்றார், "நானும் அங்கதான் நிக்கறேன்." கையை நீட்டித் தன் டம்ளரை நிமிர்த்தி வைத்தார். நிமிர்த்தும்போது சத்தமே வரவில்லை.

"மேடம்! ரூல்ஸு!" என்று ரெஹானா. "ரூல்ஸை விடு பாப்பா, நீ சொல்லு, உனக்கு நெசமாலுமே வந்துச்சா?" என்றார் மேடம். ரெஹானா துப்பட்டாவை இழுத்து முகத்தில் பாதியை மூடிக்கொண்டு, "செகண்ட் இயர்ல பார்த்தேன் மேடம், சத்தியமா பார்த்தேன், விடை அடுத்த பக்கத்துல இருந்துச்சு, அந்தப் பக்கம் மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது" என்றாள். "அட கூத்தே!" என்று அண்ணா மேசையில் அடித்ததில் நாலு டம்ளரும் குதித்தன, "நீ பட்டுனு கவுத்தவே நானு சின்ன விசயம்னுட்டுல்ல இருந்தேன்! இத்தனை நேரம் மூச்சடக்கி உக்காந்திருக்கறேன் ஆத்தா, தம்பி எப்படியும் சொல்லீருவாப்ல, கேட்டுக்கலாம்னு!" "உங்களை யாருண்ணா என்னைப் பார்த்துக் கவுக்கச் சொன்னது?" "உன்னை மட்டும் பார்த்தா கவுத்தேன், இந்த டாக்டரம்மாவையும் பார்த்துத்தான். அவங்க மாட்டுக்கே ரெண்டு தடவை பார்த்துத்தான் ஊசி போடுவாங்க, அவங்களே கவுத்துட்டாங்கன்னுதான் நம்பினேன்." மேடம் சிரித்த சிரிப்பில் ஹேர்பின் நழுவித் தோளில் விழுந்தது. நான் உட்காரலாமென்றால் நாற்காலி அந்தப் பக்கம் இருந்தது, அதற்குள் அவர்கள் மூவரும் எழுந்து பலகையருகே வந்துவிட்டார்கள், மேடம் தோளால் என்னை நகர்த்திவிட்டு அந்த வட்டத்துக்குள் பார்த்தார், நான் அங்கே இருந்தது யாருக்கும் விசேஷமாகத் தோன்றவில்லை.

"பத்துப் பழம் இருக்குது," என்றார் அண்ணா, "இன்னொன்னுல இருவதுங்கறான். ஏனுங்க, இருவது மாம்பழம் புடிக்கறதுக்கு அது என்ன கூடை? எங்கூட்டுக் கூடைல பன்னெண்டுக்கு மேல வெச்சா உருண்டு ஓடீரும்." ரெஹானா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றாள். மேடமும் நின்றார். "அண்ணா," என்றேன், "பன்னெண்டுதான் புடிக்கும்னா, மத்ததுல இருவது இருக்கவே முடியாது. அஞ்சுதான். மாத்துனா நட்டம்." "ஆமா." "பெரிய கூடைன்னா?" "இருவதும் இருக்கலாம்." "அப்ப கூடை எம்புட்டுப் பெரிசுன்னு தெரியாம, அஞ்சுக்கும் இருவதுக்கும் சரிசமமா வாய்ப்பு, பாதிக்குப் பாதின்னு யாரு சொன்னது?" பலகையைப் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை. பலகையில் அப்படி ஒரு வரியே இல்லை. நாங்களாகத்தான், நாலு பேரும், கேட்காமலே அதை உள்ளே விட்டிருந்தோம். "அதான்! ஆகவேக்குள்ள ஒளிஞ்சிருக்கறது அதான்!" என்று ரெஹானா என் கையிலிருந்த அரைச் சாக்பீஸைப் பிடுங்கினாள். "இரு பாப்பா, குதிக்காத," என்றார் மேடம், விரல் மறுபடி மூக்குக்குப் போயிற்று, "கூடைக்கு அளவே கிடையாதுன்னு ராஜா சொன்னா? எத்தனை வேணும்னாலும் புடிக்கும்னு சொன்னா? அப்ப மட்டும் பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கலாமா, வெச்சுக்கக் கூடாதா?" அளவே இல்லாத கூடை. அது எப்படி இருக்கும், அதற்குள் ஒரு எண்ணை எப்படிப் போடுவது, எல்லா எண்ணுக்கும் சமமாக இடம் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மிஞ்சும், ஒன்றுமே மிஞ்சாதே, ஒன்றும் மிஞ்சாவிட்டால் பத்து மட்டும் எப்படி வந்தது, எனக்குப் பசி வந்தது போலவும் வயிறு நிறைந்தது போலவும் இருந்தது. கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அப்புறம் இரும்புப் படியில் செருப்புச் சத்தம், சபேசன் சார் பொறுமை போய் மேலே வருகிறார். ரெஹானா திகிலோடு என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் படி முகப்பில் கையை விரித்துக்கொண்டு நின்றேன், அவர் பாதிப் படியில் பேப்பரோடு அண்ணாந்து பார்த்தார்.

"வராதீங்க சார், வராதீங்க," என்றேன், "எங்களுக்கு இன்னும் தெரியல."

"என்னப்பா இது, மெஸ்ஸுல சாம்பார் தீர்ந்துடும்."

"நீங்க போய்ச் சாப்பிடுங்க சார்," என்றேன், "நாங்க வரதுக்கு நேரமாகும்."